பாட்டை மட்டும் அனுப்பாதீங்க... பேரையும் சேர்த்து அனுப்புங்க!

காலேஜ் பஸ்ஸின் கடைசி சீட்டில் தினமும் நடக்கிற கதை இது. ஒருவன் மொபைலில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்த்து, "மச்சி, செம பாட்டுடா, எனக்கு அனுப்பு" என்பான். அனுப்பியாச்சு. "யார் பாட்டுடா இது?" "தனுஷ் பாட்டு." அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. பாடியது யார், எழுதியது யார், நடுவில் மனசைப் பிசைகிற அந்தப் புல்லாங்குழலை வாசித்தது யார்... கேட்க ஆளில்லை, சொல்லவும் ஆளில்லை. ஐந்து நிமிஷம் கழித்து அதே சீட்டில் சண்டை ஒன்று கிளம்பும். "உங்காளு பாட்டு எத்தனை வியூஸ்? எங்காளு பாட்டு எத்தனை வியூஸ்?" இதற்கு மட்டும் புள்ளிவிவரம் எல்லார் விரல் நுனியிலும் இருக்கும்!

பிடித்த பாட்டை நாலு பேருக்குக் கொடுப்பது நல்ல பழக்கம். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதைச் செய்தவர்களின் பேரை உரித்துப் போட்டுவிட்டு வெறும் பாட்டை மட்டும் கொடுப்பது நல்ல பழக்கம் இல்லை. சுற்றி வளைக்காமல் சொன்னால், அது ஒரு வகைத் திருட்டு.

"பாட்டு அனுப்புறதெல்லாம் திருட்டா? கொஞ்சம் ஓவரா இல்ல?" என்று கேட்பவர்கள், ப்ளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகத்தை ஒருமுறை தூசி தட்டிப் பார்க்கலாம். அதில் நற்பெயர் என்று ஒரு பாடம் உண்டு. ஒரு கடையை விற்கும்போது மேசை, நாற்காலி, சரக்குக்கு மட்டும் விலை போடுவதில்லை. "இந்தக் கடைன்னா நம்பிப் போகலாம்" என்று ஊரில் எடுத்த பேருக்கும் ஒரு விலை உண்டு. வாங்கியவரின் இருப்புநிலைக் குறிப்பில் அது சொத்துப் பக்கம் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். கண்ணால் பார்க்க முடியாது, கையால் தொட முடியாது, ஆனால் சொத்து.

ஒரு பாடகிக்கோ, பாடலாசிரியருக்கோ, வயலின் வாசிப்பவருக்கோ இருக்கிற முதல் சொத்தே இதுதான். அடுத்த வாய்ப்பு அந்தப் பேரை வைத்துத்தான் வரும். ஹீரோவுக்குக் கவலையில்லை, அவர் முகமே பேர். மைக்குக்குப் பின்னால் நிற்பவருக்கு முகம் கிடையாது. பேர் மட்டும்தான். அதையும் ரசிகனே உருவிப் போட்டுவிட்டால் மிச்சம் என்ன?

இது இன்றைக்கு வந்த வியாதி என்று நினைத்தால் தப்பு. 1949-ல் 'மஹல்' என்ற இந்திப் படம் வந்தது. அதில் லதா மங்கேஷ்கர் பாடிய ஒரு பாட்டு நாட்டையே கிறுக்குப் பிடிக்க வைத்தது. இசைத்தட்டில் பாடியவர் பேர் என்ன போட்டிருந்தார்கள் தெரியுமா? 'காமினி'! படத்தில் மதுபாலா நடித்த கதாபாத்திரத்தின் பேர். பாடியது ஒரு பெண், நடித்தது இன்னொரு பெண், பேர் போனதோ இல்லாத ஒரு பெண்ணுக்கு. :-)

அன்றைய ரசிகர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். பாடியது யார் என்று கேட்டு வானொலி நிலையத்துக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதித் தள்ளினார்கள். அதன் பிறகுதான் லதாவின் பேர் வானொலியில் சொல்லப்பட்டது. தபால் தலை ஒட்டி, ஒரு பேரை வாங்கியிருக்கிறார்கள் அந்த ரசிகர்கள். கைக்குள் உலகம் இருக்கிற இன்றைய ரசிகனுக்கு ஒரு வரி தட்டச்சு செய்யக் கை வலிக்கிறது.

நம்ம பக்கத்துக் கதை இன்னும் அழகு. இலங்கை வானொலியை அப்பா, சித்தப்பா தலைமுறையில் யாரிடம் கேட்டாலும் கண் விரியும். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்களுக்கே ரசிகர் கூட்டம் இருந்தது. பாட்டு போடுவதற்கு முன்னால் படம், பாடியவர், எழுதியவர், இசை என்று எல்லாம் வரிசையாக வந்துவிடும். தென் தமிழ்நாட்டில் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற பையனுக்குக்கூட எந்தப் பாட்டு கண்ணதாசன், எது வாலி என்று தெரிந்ததற்கு அந்த அறிவிப்புகளும் ஒரு காரணம். பேரைக் கேட்டுக் கேட்டே காது பழகியது.

அப்படியிருந்தும் ஹீரோ விழுங்கியது விழுங்கியதுதான். 'நாடோடி மன்னன்' (1958) படத்துக்குப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதியது, 'படகோட்டி' (1964) படத்துக்கு வாலி எழுதியது எல்லாமே ஊர் வாயில் ஒட்டுமொத்தமாக 'எம்.ஜி.ஆர். பாட்டு'. பட்டுக்கோட்டையார் 1959-ல், 29 வயதில் போய்ச் சேர்ந்தார். உழைக்கிறவனைப் பற்றி அந்த வயதுக்குள் அத்தனை எழுதிவிட்டுப் போன மனுஷனின் பேர், அவர் எழுதிய வரியிலிருந்தே கழன்று விழுந்துவிட்டது. கூலி வேறொருவர் கணக்கில் வரவு.

கேசட் காலத்தில் நிலைமை கொஞ்சம் தேவலை. கேசட்டைத் திறந்தால் மடித்து வைத்த ஒரு அட்டை இருக்கும். பாட்டு, பாடியவர், எழுதியவர். ஏ.ஆர். ரஹ்மானின் அட்டைகளில் வாத்தியக் கலைஞர்கள் பேரும் வர ஆரம்பித்தது. 'பம்பாய்' (1995) தீம் இசையின் புல்லாங்குழல் நவீன் என்று ரசிகர்கள் தெரிந்துகொண்டார்கள். அதற்கு முன்பே இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) வயலின் என்றால் வி.எஸ். நரசிம்மன் என்று சொல்கிற கூட்டம் ஒன்று இருந்தது. பாட்டைக் கேட்டுக்கொண்டே அட்டையைப் படிப்பதும் ரசனையில் ஒரு பாகமாக இருந்தது.

அப்புறம் வந்தது எம்பி3. ஒரே சிடியில் நூற்றுக்கும் மேல் பாட்டு, அட்டை கிடையாது. கோப்பில் கலைஞர் பேருக்கென்று ஒரு இடம் உண்டு. அங்கே என்ன இருந்தது? பாட்டைச் சுட்டு ஏற்றிய இணையதளத்தின் முகவரி! பாடியவர் இருக்க வேண்டிய இடத்தில் திருடியவர் கையெழுத்து. 'காமினி'யாவது ஒரு கதாபாத்திரம், இது அதைவிடக் கேவலம்.

இன்றைக்கு அதற்கும் அடுத்த கட்டம். ஸ்டேட்டஸ். நாலரை நிமிஷப் பாட்டை அரை நிமிஷமாக வெட்டி, ஹீரோ தலையைக் கோதும் இடத்தில் ஸ்லோமோஷன் போட்டு அனுப்புவது. வெட்டும்போது முதலில் போவது எது? பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வருகிற இசை. வாத்தியக்காரர்களுக்கு இருக்கிற ஒரே இடம் அதுதான். பேரை எடுத்தது போதாதென்று வாசித்ததையே எடுத்தாச்சு.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு ஸ்வர்ணலதாவை ஞாபகப்படுத்தலாம். 'கருத்தம்மா' (1994) படத்துக்காகத் தேசிய விருது வாங்கியவர். 2010-ல், 37 வயதில் இறந்துபோனார். அவர் பாடிய பாட்டைக் கண் கலங்கி ஸ்டேட்டஸ் வைத்துவிட்டு, கீழே 'சித்ரா வாய்ஸ்' என்று எழுதுகிற ஆட்கள் இருக்கிறார்கள். இனி அவர் ஒரு மேடையில் ஏறி "அது என் குரல்" என்று சொல்ல முடியாது. அந்த வேலையை ரசிகர்கள்தான் செய்ய வேண்டும். செய்யவில்லை என்றால் அந்தக் குரல் இரண்டாம் முறை சாகிறது.

இன்னும் பக்கத்தில் வரலாம். 'ரௌடி பேபி'. 'மாரி 2' (2018) படத்தின் பாட்டு. 2020 நவம்பர் 16 அன்று யூடியூபில் 100 கோடி வியூஸைத் தொட்டது. சரியாக ஒன்பது வருஷத்துக்கு முன், 2011-ல் அதே தேதியில்தான் 'கொலவெறி' வெளியானது. இந்தத் தேதிப் பொருத்தம் எல்லா ரசிகனுக்கும் தெரியும். ஆனால் 'ரௌடி பேபி'யில் தனுஷோடு சேர்ந்து பாடிய பெண் குரல் யாருடையது என்று கேட்டால் பாதிப் பேர் 'சாய் பல்லவி' என்பார்கள். பாடியவர் தீ. இசை யுவன் சங்கர் ராஜா. நடனம் பிரபுதேவா. 100 கோடிக்கு எத்தனை சைபர் என்று எண்ணத் தெரிந்தவர்களுக்கு இந்த மூன்று பேரை எண்ண நேரமில்லை.

அதே தீ இன்னொரு கதையில் எதிர்ப்பக்கம் மாட்டிக்கொண்டார். 2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. பாடியவர்கள் தீயும் அறிவும், இசை சந்தோஷ் நாராயணன். எழுதியவர் அறிவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் வாழ்க்கையிலிருந்து எடுத்து எழுதினார். அந்த ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' பத்திரிகையின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார், ரசிகர்களும் சேர்ந்து கேட்டார்கள். பிறகு அறிவின் படத்தோடு ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. அடுத்த வருஷம், 2022 ஜூலையில், சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டு அறிவு இல்லாமல் மேடையேறியது. மறுபடி வெடித்தது. அறிவு தன் பங்கைச் சொன்னார், சந்தோஷ் நாராயணன் தங்கள் தரப்பைச் சொன்னார்.

யார் சொன்னது எவ்வளவு சரி என்பது இங்கே கேள்வி இல்லை. நிலமே இல்லாத மக்களைப் பற்றிய ஒரு பாட்டு. அதை எழுதியவன், அந்தப் பாட்டுக்குள் தனக்கு ஒரு அடி இடம் கேட்டு நிற்க வேண்டி வந்ததே, அதுதான் கேள்வி. அன்றைக்குக் கோபப்பட்ட ரசிகர்கள் எத்தனை பேர், அதற்கு முந்தின நாள் வரை அந்தப் பாட்டை அறிவின் பேரோடு அனுப்பினார்கள்? பத்திரிகை செய்த தப்பைத்தான் ரசிகனும் தினமும் செய்கிறான். பத்திரிகை மாட்டிக்கொண்டது, ரசிகன் மாட்டவில்லை.

இப்போது வியூஸ் பார்ட்டிகளிடம் வரலாம். வியூஸ் என்பது பாட்டுக்கு வைத்த மார்க் இல்லை. 2019 ஜூலையில் பாட்ஷாவின் 'பாகல்' ஒரே நாளில் 7 கோடியே 50 லட்சம் வியூஸ் என்று உலக சாதனை அறிவிப்போடு வந்தது. அதில் விளம்பரம் கொடுத்து வாங்கிய வியூஸும் உண்டு என்று பேச்சு எழுந்தது, யூடியூப் அந்தச் சாதனையை அங்கீகரிக்கவில்லை. அந்த செப்டம்பரில், காசு கொடுத்து வாங்கிய வியூஸை இசை தரவரிசைக்கும் 24 மணி நேரச் சாதனைக்கும் கணக்கில் எடுப்பதில்லை என்று விதியையே மாற்றிவிட்டது. கணக்குப் புத்தகத்தைத் தணிக்கை செய்ததும் பாதி லாபம் காணாமல் போனது மாதிரிதான் இதுவும்.

அதைவிடப் பெரிய கூத்து, நம்பர் ஏற வேண்டும் என்று மொபைலை மியூட்டில் போட்டுவிட்டு, பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுகிற ரசிகர்கள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பாட்டு ரசிக்கிற கூட்டத்தை உலகம் இதற்கு முன் பார்த்ததில்லை! :-)

இனி வழக்கமாக வருகிற சால்ஜாப்புகள்.

"பேரெல்லாம் வீடியோவுக்குக் கீழேயே இருக்கே?" இருக்கிறது. ஆனால் வெட்டி அனுப்புகிற துண்டுக்கு 'கீழே' என்று ஒன்று கிடையாது.

"ஹீரோ இல்லைன்னா இந்தப் பாட்டை யார் பார்த்திருப்பா?" நியாயமான பேச்சு. முகத்துக்கும் ஆட்டத்துக்கும் பங்கு உண்டு. அப்படியென்றால் நடனம் அமைத்தவர் பேரையும் சேர்த்துச் சொல்லட்டுமே. பட்டியல் நீளமாவதில் யாருக்கும் வருத்தமில்லை. ஒரே பேரில் முடிவதில்தான் வருத்தம்.

"அவங்கதான் காசு வாங்கிட்டாங்களே?" 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, படத்துக்காக எழுதிக் கொடுத்த பாட்டாக இருந்தாலும், தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற இடங்களில் பயன்பட்டால் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்று வந்தது. அந்தப் பங்கை எழுதி வாங்கிக்கொள்ளவும் முடியாது. தன் படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அதற்கு முன்பிருந்தே சட்டத்தில் தனியாக இருக்கிறது. ஆக, காசு வேறு, பேர் வேறு என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. வயலின் வாசித்தவருக்குப் பெரும்பாலும் அன்றைய கால்ஷீட் சம்பளத்தோடு கணக்கு முடிந்துவிடும். அவருக்குப் பேர் மட்டும்தான் பாக்கி.

"ரசிக்கிறதுக்குக்கூட ரூல்ஸா? பாட்டு பிடிச்சா போதாதா?" சமையல் பிரமாதமாக இருந்தால் "யார் சமைச்சது?" என்று கேட்பது ரூல்ஸா என்ன? அது சாப்பிட்டவனின் சந்தோஷம். பிடித்த பாட்டைச் செய்தது யார் என்று தேடத் தோன்றவில்லை என்றால், அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்றுதான் அர்த்தம். தேடுகிறவனுக்கு லாபமும் உண்டு. ஒரு பேர் தெரிந்தால் அந்தப் பேருக்குப் பின்னால் இன்னும் ஐம்பது பாட்டு காத்திருக்கும். தீயைத் தெரிந்தவன் 'ரௌடி பேபி'யிலிருந்து 'எஞ்சாமி'க்குப் போவான், அங்கே அறிவைப் பிடிப்பான். 'தனுஷ் பாட்டு' என்று நிறுத்தியவன் அங்கேயே நிற்பான்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை ஒரு பாட்டை அனுப்பும்போது கீழே ஒரே ஒரு வரி. பாடியவர், எழுதியவர், இசை. தெரிந்தால் வாசித்தவர். "யார் பாட்டுடா?" என்று யாராவது கேட்டால், ஹீரோ பேரைக் கடைசியில் சொல்லலாம். அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார், அவருக்குக் கட்-அவுட் இருக்கிறது. மற்றவர்களுக்கு அந்த ஒரு வரிதான் இருக்கிறது.