கோடு கீறுமுன் கேளுங்கள்

வில்பத்துவுக்குச் சுற்றுலா போனால் சிறுத்தையைத் தேடுகிறோம், கரடியைத் தேடுகிறோம். அந்த நிலம் எப்படித் தேசிய பூங்காவானது என்று நாம் கேட்பதில்லை.

வழி எளிது. 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அமைச்சர் வர்த்தமானியில் ஒரு கட்டளை வெளியிடுவார். அதில் எல்லைகள் குறிக்கப்பட்டிருக்கும். அதன் பின் அனுமதியின்றி உள்ளே செல்லவோ மரம் வெட்டவோ முடியாது. யாலவும் வில்பத்தும் 1938இல் இவ்வாறே பூங்காக்களாகின. சரணாலயத்துக்குள் தனியார் காணியும் இருக்கலாம். தேசிய பூங்காவாவது அரச காணி மட்டுமே. ஆகவே எது அரச காணி, எது மக்களின் காணி என்பதே முதற் கேள்வி.

வில்பத்துவுக்கு வடக்கே முசலியில் இக்கேள்வி பெரும் பிணக்காகியது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி மக்களும் அவர்களுள் அடங்குவர். பலர் புத்தளத்தில் அகதிகளாக வாழ்ந்த காலத்தில், ஆளில்லாத வளவுகளில் காடு வளர்ந்தது. 2009இல் போர் முடிந்து மக்கள் திரும்பத் தொடங்கினர். 2012இல் அப்பகுதிக் காடுகள் ஒதுக்கக் காடாகப் பிரகடனமாயின. 2017இல் மாவில்லு பேணற்காடு பற்றிய வர்த்தமானி வந்தது. இவை பூங்காவுக்கு வெளியே, வேறொரு சட்டத்தின் கீழ், வேறொரு திணைக்களத்துக்கு உரியவை. ஆனால் ஊடகங்களில் எல்லாமே "வில்பத்து"தான்.

காட்டுக்காகப் பேசுவோரிடமும் நியாயம் உண்டு. மீள்குடியேற்றத்துக்காகக் கல்லாறு காட்டை வெட்டியது சட்டவிரோதம் என மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்து, மீண்டும் மரம் நடப் பணித்தது. மரம் நடுவதை ஸதகா என்று கற்பித்த மார்க்கம் நம்முடையது. நாம் காட்டுக்கு எதிரிகளாக நிற்க முடியாது.

நான் கேட்பது ஒன்றே. வர்த்தமானி அச்சேறுமுன் அதிகாரிகள் அந்த நிலத்தில் நடந்து பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் பற்றை மட்டுமே தெரியும். அதற்குள் இருக்கும் கிணறும் மையவாடியும் நடந்து பார்ப்பவருக்கே தெரியும். உறுதியோ அனுமதிப்பத்திரமோ வைத்திருப்பவர் எங்கே அகதியாக இருந்தாலும், அங்கே, அவருடைய மொழியில் அறிவித்தல் போக வேண்டும். அவர் சொல்வதைக் கேட்ட பின்பே எல்லை குறிக்கப்பட வேண்டும். ஊரவரைக் கேட்டுக் குறித்த எல்லையை ஊரவரே காப்பார்கள்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. பெற்றோரே, பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் காணி உறுதியை எடுத்து உங்கள் மகளுக்குக் காட்டுங்கள். சகோதரிகளே, அந்த நில அளவைப் படத்தை வாசிக்கப் பழகுங்கள். நாளை எல்லை குறிக்கும் மேசையில் நம்மில் ஒருத்தியும் அமர வேண்டும்.