உட்கார்ந்தவளை எழுப்பிய கேமரா



பழைய பள்ளிக்கூடக் கதைகளையும் முழங்கால் வலியையும் எழுதிக்கொண்டிருந்த டீச்சர் இன்று சிசிடிவி கேமராவைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள். படித்துவிட்டுத் திட்டுவதாக இருந்தாலும் திட்டுங்கள்.

சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணவன் ஒருவன் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க வீட்டுக்கு வந்திருந்தான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இன்று டவுனில் ஜவுளிக்கடை வைத்து முப்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறான். எனக்கு அதில் பெருமைதான். காபி குடித்துக்கொண்டே, "கடையைப் பாருங்க டீச்சர்" என்று போனை நீட்டினான். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். வாசல், கல்லா, மாடிப்படி, சேலைப் பிரிவு, குடோன், ஊழியர்கள் சாப்பிடும் இடம் என்று எல்லாம் தெரிந்தது.

ஒரு கட்டத்தைப் பெரிதாக்கினான். சுடிதார் பிரிவில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. ஒரு பெண் துணிக்கட்டின் மேல் உட்கார்ந்து கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இவன் போனில் எதையோ அழுத்தி, "ஏ, அங்க என்ன உட்காந்துக்கிட்டு? எந்திரி" என்றான். என் வீட்டுத் திண்ணையில் சொன்னது டவுனில் அவள் தலைக்கு மேல் கேட்டிருக்கிறது. திடுக்கிட்டு எழுந்தாள். முதலில் சுற்றும் முற்றும் பார்த்தாள். அப்புறம் மேலே பார்த்தாள்.

அப்போதுதான் முகம் தெரிந்தது. அவளும் என் மாணவி. இவனுக்குப் பல வருடங்கள் பின்னால் படித்தவள். அது இவனுக்குத் தெரியாது.

நான் அவனிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னும் கொஞ்சம் காபி போடவா?" என்றேன். வேறு ஒரு வார்த்தை வரவில்லை. நல்ல காரியத்துக்கு வந்த பிள்ளையிடம் எதற்கு என்று விட்டுவிட்டேன். அந்த உறுத்தல்தான் இந்தப் பதிவு. இரண்டு பேரிடமும் பேசி, பெயரும் ஊரும் சொல்ல மாட்டேன் என்று உறுதி கொடுத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்து அவனுக்குப் போன் செய்தேன். அவன் தரப்பையும் சொல்ல வேண்டும் அல்லவா. "டீச்சர், கடன் வாங்கிச் சரக்குப் போட்டிருக்கேன். ரெண்டு பட்டுச்சேலை காணாமப் போனா ஒரு வாரம் யாவாரம் போச்சு. வாடிக்கையாளர் மாதிரி வந்து தூக்கிட்டுப் போறவங்க இருக்காங்க. பில் போடாம வெளியே அனுப்புனவங்களும் இருந்தாங்க. கேமரா வச்ச பிறகுதான் நான் ராத்திரி தூங்குதேன்" என்றான். இதில் எதை மறுக்க முடியும்? கேமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாசலிலும் கல்லாவிலும் குடோனிலும் அது இருக்கத்தான் வேண்டும்.

பிறகு அவளிடமும் பேசினேன். கேமராவைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "இருக்கது நல்லதுதான் டீச்சர்" என்று ஆரம்பித்தாள். ஒரு தடவை கல்லாவில் பணம் குறைந்தபோது அவள் பெயர் அடிபட்டிருக்கிறது. அவள் அந்தப் பக்கமே போகவில்லை என்று கேமராப் பதிவில்தான் தெரிந்ததாம். "அப்போ உனக்கு என்னதான் கஷ்டம்?" என்று கேட்டேன்.

"அந்தப் பதிவை எடுத்துப் பாருங்கன்னு ரெண்டு நாள் கெஞ்சுனேன் டீச்சர். நேரமில்லைன்னாங்க. ஆனா நான் உட்காந்தா அடுத்த நிமிஷமே பார்க்காங்களே."

பிள்ளைகளே, நான் இன்று சொல்ல வந்தது முழுவதும் அவள் சொன்ன இந்த மூன்று வாக்கியத்தில் இருக்கிறது. ஒரே கேமராதான். அவள் உட்காரும்போது உடனே பார்க்கிறது. அவள் நிரபராதி என்று காட்ட வேண்டிய நேரத்தில் இரண்டு நாள் காத்திருக்க வைக்கிறது. கேமரா யார் கையில் இருக்கிறது, எதற்காகத் திறந்து பார்க்கப்படுகிறது என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

இன்னொன்றும் சொன்னாள். சாப்பிடும் இடத்தில் இருக்கும் கேமராவுக்குப் பேச்சும் கேட்குமாம். அதனால் மதியம் வீட்டுக்குப் போன் செய்து, காய்ச்சலாக இருக்கும் பிள்ளை கஞ்சி குடித்தானா என்றுகூடக் கேட்பதில்லையாம். எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுகிறார்களாம்.

இதை எழுதும்போது என் வீட்டுக் கதையையும் மறைக்கக் கூடாது.

எனக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபோது, வெளிநாட்டில் இருக்கும் என் மகன் ஹாலில் ஒரு கேமரா மாட்டச் சொன்னான். "நீங்க விழுந்து கிழுந்து வச்சா எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றான். பாசத்தில் செய்ததுதான். வீட்டு வேலைக்கு ஒரு அம்மா பல வருடமாக வருகிறார். ஒருநாள் மகன் போனில், "இன்னைக்கு அவங்க பத்தே காலுக்குத்தான் வந்தாங்க போலிருக்கே" என்றான். நான் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன். போனை வைத்த பிறகுதான் சுருக்கென்றது. அந்த அம்மாவிடம் கேமரா இருப்பதை நான் சொல்லவே இல்லை. ஹாலில் உட்கார்ந்து என்னிடம் தன் மருமகன் குடித்துவிட்டு அடிப்பதைச் சொல்லி அழுதார். அதெல்லாம் வேறு நாட்டில் ஒரு போனில் ஏறியிருக்குமே!

மறுநாள் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "தெரியும் டீச்சரம்மா, பச்சை லைட்டு எரியுதுல்லா" என்றார். தெரிந்துகொண்டு, கேட்கத் தைரியம் இல்லாமல் இத்தனை நாள் இருந்திருக்கிறார். சில மாதமாக அவர் டீயை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனதன் காரணமும் அன்றுதான் புரிந்தது. ஜவுளிக்கடைக்காரனுக்குப் பாடம் நடத்தக் கிளம்பிய டீச்சரின் லட்சணம் இது.

நம் உறவுகளில் பாதி வீடுகளில் இன்று இதே நிலைமைதான். அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டு, அமெரிக்காவிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். நமக்கு அது வீடு. அவர்களுக்கு அது வேலை பார்க்கும் இடம் என்பதை மறந்துவிடுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று வக்கீலாக இருக்கும் ஒரு மாணவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். பொது இடத்துக்கு வந்துவிட்டதாலேயே ஒருவருடைய அந்தரங்கம் போய்விடாது என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. பெண்கள் உடை மாற்றும் இடத்திலோ கழிப்பறையிலோ படம் எடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆவது பிரிவின்படி சிறை. இதுவரைக்கும் சரி.

ஆனால் 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டு பெரிய வாசல்கள் திறந்திருக்கின்றன. வேலை சம்பந்தமான காரணத்துக்காகவும், முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பதற்காகவும் ஊழியரின் சம்மதம் கேட்காமலே அவருடைய தரவைப் பயன்படுத்த 7-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. சொந்த, வீட்டு உபயோகத்துக்காகத் தனிநபர் வைத்திருக்கும் தரவுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது. ஆக, கடைக்காரனை அது லேசாகத்தான் தொடுகிறது. என் வீட்டு ஹாலை அநேகமாகத் தொடவே இல்லை. அங்கே என் மனசாட்சிதான் சட்டம்.

உட்காருவதற்கு மட்டும் நம் மாநிலத்தில் தெளிவாகவே சட்டம் இருக்கிறது. 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஊழியர்கள் நாள் முழுக்க நிற்கக் கூடாது, வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். கேரளாவில் 2018-லேயே இப்படி மாற்றினார்கள். அதாவது அன்று அந்தப் பெண் செய்தது சட்டம் கொடுத்த உரிமை. அவளை எழுப்பியதுதான் தவறு. திருட்டைப் பிடிக்க வாங்கிய கேமரா, சட்டம் கொடுத்த நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டது.

கேமராவால் எளியவர்களுக்கு நன்மை இல்லையா என்று சிலர் கேட்பீர்கள். உண்டு. நம் பக்கத்துச் சாத்தான்குளத்தை யார் மறக்க முடியும்? 2020 ஜூனில் ஜெயராஜும் பென்னிக்ஸும் காவலில் இறந்தபோது, அவர்கள் கடைக்குப் பக்கத்தில் இருந்த கேமராக் காட்சி, போலீஸ் எழுதிய முதல் தகவல் அறிக்கையோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் காவல் நிலையத்துக்குள் என்ன நடந்தது? விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், அங்கே பதிவு தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக அறிக்கை கொடுத்தார். ஹார்டு டிஸ்கில் இடம் இருந்தும் அழிந்தது. கேமரா இருந்தது, சாட்சி இல்லை.

அதே வருடம் டிசம்பர் 2 அன்று இன்னொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், நாடு முழுக்க எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வைக்கச் சொன்னது. கேமரா இருக்கிறது என்று உள்ளூர் மொழியிலும் பெரிதாகப் பலகை வைக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் பதிவைப் பத்திரப்படுத்தக் கேட்கலாம் என்பதையும் அந்தப் பலகையிலேயே எழுத வேண்டும் என்றது. லாக்கப்பில் இருப்பவருக்கு நீதிமன்றம் கேட்ட இந்த மரியாதையை, ஜவுளிக்கடையில் மடிப்புக் கலையாமல் சேலை அடுக்கும் பிள்ளைக்கு நாம் கொடுக்கக் கூடாதா?

ஒரு பழைய குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். நான் வகுப்பை விட்டு வெளியே போனால் வகுப்புத் தலைவனிடம் சாக்பீஸைக் கொடுத்து, பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதச் சொல்வேன். நீங்கள் எல்லாரும் எழுதப்பட்டவர்கள்தானே! திரும்பி வரும்போது வகுப்பு அமைதியாக இருக்கும். ஆனால் ஒருவரும் கணக்குப் போட்டிருக்க மாட்டீர்கள். கையைக் கட்டிக்கொண்டு எழுதுகிறவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். சில வருடம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. கண்காணிப்பு பிள்ளைகளை அடக்கியது, படிக்க வைக்கவில்லை. அதன் பிறகு அந்தப் பழக்கத்தை விட்டேன். கடையிலும் அப்படித்தான். கேமராவுக்குப் பயந்து நிற்கிற பெண் வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்க மாட்டாள். கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கடை, கம்பெனி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று நடத்துகிற என் பிள்ளைகளுக்கு ஐந்தே ஐந்து வேண்டுகோள்.

1. கேமரா எங்கெங்கே இருக்கிறது, பேச்சும் பதிவாகிறதா, எத்தனை நாள் பதிவு இருக்கும், யார் பார்ப்பார்கள் என்று வேலைக்குச் சேரும் அன்றே வாயால் சொல்லுங்கள். தமிழில் எழுதியும் ஒட்டுங்கள்.

2. சாப்பிடும் இடம், ஓய்வு எடுக்கும் இடம், உடை மாற்றும் இடம் பக்கம் கேமரா வேண்டாம். பணமும் சரக்கும் இருக்கும் இடத்தைப் பார்த்தால் போதும்.

3. பேச்சைப் பதிவு செய்யும் வசதியை அணைத்து வையுங்கள். திருட்டைப் பிடிக்கப் படம் போதும்.

4. ஏதாவது நடந்தால் எடுத்துப் பாருங்கள். வீட்டில் உட்கார்ந்து நாள் முழுக்க ஆட்களைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஸ்பீக்கரில் அதட்டவே அதட்டாதீர்கள். சொல்ல வேண்டியதை நேரில், தனியாகச் சொல்லுங்கள்.

5. ஒரு ஊழியர் மேல் பழி விழுந்தால், அவர் கேட்ட அன்றே பதிவை அவர் முன்னால் போட்டுக் காட்டுங்கள்.

இதில் எதற்கும் புதிதாகப் பணம் செலவில்லை. ஐந்தாவது ஒன்றைச் செய்தாலே, கேமராமேல் உங்கள் ஊழியர்களுக்கும் நம்பிக்கை வரும்.

என் வீட்டில் கேமராவை வாசல் பக்கம் திருப்பிவிட்டேன். ஹாலுக்குப் பதிலாக, அழுத்தினால் மகனுக்கும் பக்கத்து வீட்டுக்கும் மணி அடிக்கிற ஒரு பட்டனைக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். மகன் முதலில் கோபித்துக்கொண்டான். இப்போது தினமும் பார்ப்பதற்குப் பதில் தினமும் பேசுகிறான். அந்த அம்மா மறுபடி ஹாலில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்.

ஜவுளிக்கடைத் தம்பி என்ன செய்தான் என்று கேட்பீர்கள். சாப்பிடும் இடத்துக் கேமராவை எடுத்துவிட்டான். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு ஸ்டூல் போட்டிருப்பதாகச் சொன்னான். ஸ்பீக்கரைப் பற்றிக் கேட்டதற்கு, "பார்க்கலாம் டீச்சர்" என்றான். தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்!

கடையிலோ வீட்டிலோ கேமராவுக்குக் கீழே வேலை பார்க்கிற என் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். பொதுவில் எழுதத் தயக்கமாக இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். பெயர் வெளியே போகாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்