இடிப்பதற்கு முன் தெருவை நடந்து பார்த்தவர்

நாற்பது ஆண்டுகூட நிறையாத அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடித்துவிட்டு, அதே மனையில் இன்னும் உயரமான கட்டடம் எழுப்பித் தருவதாகக் கூறும் விளம்பரங்கள் சென்னை நாளிதழ்களின் பக்கங்களை இவ்வாரமும் நிறைத்திருக்கின்றன. அவற்றில் ‘பசுமை’, ‘நிலைத்த வளர்ச்சி’ என்னும் சொற்கள் தவறாமல் இடம்பெறுவதே இப்பத்தியின் சினத்துக்குக் காரணம். நிலைத்த வளர்ச்சி என்பது, வருந்தலைமுறைக்கு உரிய நீரையும் மண்ணையும் எரிபொருளையும் தீர்த்துவிடாமல் இன்றைய தேவையை நிறைவேற்றிக்கொள்வதாகும். உறுதியாக நிற்கும் கட்டடம் ஒன்றை இடிக்கும்போது, அதன் செங்கல்லைச் சுடவும் சிமென்ட்டையும் கம்பியையும் செய்யவும் எரிந்த எரிபொருளும், ஆற்றில் அள்ளிய மணலும் ஒருசேர வீணாகிப் போகின்றன. புதிய மாடியில் சூரிய மின்தகடு பொருத்துவதால் மட்டும் அந்த இழப்பு ஈடாகிவிடாது.

சட்டமும் விதியும் இம்மாற்றத்துக்கு வழி திறந்திருக்கின்றன. 2022இல் இயற்றப்பட்டு 2024இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி, உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைந்தால் கட்டடத்தை இடித்துக் கட்டலாம். தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளம் எழுப்பலாம் என்னும் அளவு, 2019ஆம் ஆண்டின் கட்டட விதிகளால் சாதாரணக் கட்டடங்களுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டாக உயர்ந்தது. கம்பி துருப்பிடித்துக் கூரை பெயர்ந்து விழும் குடியிருப்புகளில் வாழ்வோருக்கு இச்சட்டம் உண்மையாகவே தேவைப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது கேட்பது மனையில் பங்குள்ளோரின் இசைவை மட்டுமே. அந்தத் தெருவின் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் கூடுதல் வீடுகளைத் தாங்குமா, கொல்லையில் மூடப்படும் கிணறு யாருடைய நிலத்தடி நீரை ஊறச் செய்தது, வாடகைக்குக் குடியிருந்தோர் எங்கே போவர் என்ற வினாக்களை எழுப்ப வேண்டிய இடம் உள்ளாட்சி மன்றம்தான்.

இங்கே இப்பத்தியின் வாசகர்கள் நன்கறிந்த பழைய மனக்குறை மீண்டும் தலைதூக்குகிறது. பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய பரப்பைப் போடும் வழக்கத்தால், சென்னையின் எத்தனையோ தெருக்கள் வீடுகளின் தரைமட்டத்துக்கு மேல் எழுந்து நிற்கின்றன; படியேறி நுழைந்த வாசல்களில் இன்று படியிறங்கி நுழைய வேண்டியிருக்கிறது. தெருவில் விழும் மழைநீர் வீட்டுக்குள் வடிய, சுவர் ஈரம் ஏறிப் பொரிய, வசதியுள்ளோர் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகின்றனர். ஏனையோர் இடித்துக் கட்டித் தரும் கட்டுநரை நாடுகின்றனர். கட்டடத்தின் ஆயுளைக் குறைத்தது காலம் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. தெருவின் மட்டமும் அதைக் குறைத்தது, அந்த மட்டத்துக்குப் பொறுப்பு மாநகராட்சிக்கு உரியது. சுரண்டிவிட்டுத்தான் தார் போட வேண்டும் என்ற உத்தரவு இருந்தும் அது எல்லாத் தெருவிலும் நடப்பதில்லை என்பதை மழைக்காலத்தில் தேங்கும் நீரே காட்டிவிடுகிறது.

ஒரு குடியிருப்புப் பகுதியை இடிக்காமல் புதுப்பிக்க இயலுமா என்னும் வினாவுக்கு, ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இந்த மண்ணில் நடந்து விடை சொன்னவர் ஸ்காட்லாந்தின் பேட்ரிக் கெடிஸ். 1854இல் பிறந்த அவர் அடிப்படையில் உயிரியலாளர். இளமையில் மெக்சிகோவில் சில காலம் பார்வை இழந்ததால் நுண்நோக்கியை விட்டு விலக நேர்ந்து, உயிரினத்துக்கும் அதன் சூழலுக்கும் உள்ள உறவை ஆராய்ந்த கண்ணோட்டத்தை நகரங்களின் மீது திருப்பினார். 1886இல் மணம் முடித்ததும், மனைவி அன்னாவுடன் எடின்பரோவின் பழைய நகரில், ஏழைகள் நெருங்கி வாழ்ந்த ஜேம்ஸ் கோர்ட் முற்றத்துக்கே குடிபெயர்ந்து, சுற்றியிருந்தோரோடு சேர்ந்து சுவர்களுக்கு வெள்ளையடித்து, குப்பை நீக்கி, கிடைத்த சிறு இடங்களில் செடி வளர்த்தார். நகரத் திட்டமிடலின் தந்தையருள் ஒருவராக இன்று போற்றப்படுபவரின் தொழில் இவ்வாறு ஒரு முற்றத்தில்தான் தொடங்கியது.

சென்னை மாகாண ஆளுநராக இருந்த பென்ட்லாந்து பிரபுவின் அழைப்பை ஏற்று 1914இல் அவர் இந்தியா வந்தார். அவருடைய நகரக் கண்காட்சியின் படங்களையும் வரைபடங்களையும் ஏற்றிவந்த கப்பலை, சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசித் தமிழர் வழக்கில் பெயராகவே நிலைத்துவிட்ட அதே எம்டன் என்னும் ஜெர்மன் போர்க்கப்பல் மூழ்கடித்தது. வாழ்நாள் சேகரிப்பு கடலில் போன பின்னும் அவர் சோர்ந்துவிடவில்லை. பிரிட்டனிலிருந்த நண்பர்கள் திரட்டி அனுப்பியவற்றைக் கொண்டு 1915இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். அதோடு நில்லாமல் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைச் சுற்றி, மாகாணத்தின் நகரங்கள் பற்றி அறிக்கைகள் எழுதினார். அவருடைய இந்திய அறிக்கைகளின் பகுதிகளை ஜாக்குலின் டிர்விட் தொகுத்து 1947இல் வெளியிட்ட சிறு நூல், நகராட்சிப் பொறியாளர் ஒவ்வொருவரின் மேசையிலும் இருக்கத் தக்கது என்று இப்பத்தி சொல்வது இது முதன்முறை அன்று.

அந்நூலின் உயிர்ப்பகுதி தஞ்சைக் கோட்டைக்குள் நெருங்கியிருந்த குடியிருப்பு பற்றியது. வரைபடத்தின் மேல் அளவுகோலை வைத்து நேர்த்தெருக்களைப் போட்டு, குறுக்கே வந்த வீடுகளை அகற்றும் திட்டம் ஒன்று அங்கே முன்வைக்கப்பட்டிருந்தது. கெடிஸ் சந்து சந்தாக நடந்தார். எந்த வீடு உறுதியானது, எது பாழடைந்தது, எந்த மனை வெறுமையாகக் கிடக்கிறது, மரம் எங்கே நிற்கிறது என்று குறித்தார். பின்னர், பாழடைந்த சிலவற்றை மட்டும் நீக்கி, வெற்றுமனைகளை இணைத்துச் சிறு திறந்தவெளிகளாக்கி, வளைந்த சந்துகளை வளைந்தபடியே விட்டுச் சற்று அகலப்படுத்தினால் காற்றும் ஒளியும் வரும், குடிகள் சிதறமாட்டார்கள், செலவும் பெரிதும் குறையும் என்று காட்டினார். ‘காக்கும் அறுவை’ என்று தமிழில் சொல்லத்தக்க இம்முறை, நோயுற்ற உறுப்பை முழுவதும் வெட்டாமல் கெட்ட சதையை மட்டும் நீக்கும் மருத்துவரின் முறை. நெரிசலைத் தீர்ப்பதாகச் சொல்லி வீடுகளை இடிப்பது அக்குடிகளை அடுத்த சேரிக்குள் தள்ளி அங்கே நெரிசலையும் வாடகையையும் ஏற்றுகிறது என்று அவர் கண்டறிந்தது, இன்றும் ஒவ்வொரு மறுகட்டுமானத்திலும் மெய்யாகிக்கொண்டிருக்கிறது.

குளங்களைப் பற்றிய அவருடைய அக்கறை தனியே சொல்லத் தக்கது. மலேரியாவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதே சுகாதாரம் என்று அதிகாரிகள் நம்பிய காலத்தில், குளத்தைத் தூய்மையாக்கி மீனையும் வாத்தையும் விட்டால் அவை கொசுப்புழுவைத் தின்றுவிடும் என்றும், தெருவைக் குளிர்விக்கும் நீரை இழக்கலாகாது என்றும் அவர் வாதிட்டார். 1917இல் மகனைப் போர்க்களத்திலும் மனைவியை நோயிலும் அடுத்தடுத்து இழந்த பிறகும், மறு ஆண்டே இந்தூருக்கான விரிவான அறிக்கையை முடித்தார். அங்கே தீபாவளி ஊர்வலத்தைச் சுத்தம் செய்த தெருக்கள் வழியாகவே அழைத்துச் செல்வதாக அறிவித்ததும், மக்கள் தாமே முன்வந்து தத்தம் தெருக்களைத் துப்புரவாக்கினர். ஆணையிடுவதைக் காட்டிலும் ஆர்வமூட்டுவது உள்ளாட்சியின் கைக்கு எட்டிய வலிமை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

தமிழ்நாடு இப்பாடத்தை அறவே மறந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. உலக வங்கிக் கடனுதவியுடன் 1977இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில், குடிசைப் பகுதிகளை அப்புறப்படுத்தாமல் இருந்த இடத்திலேயே பாதை, குடிநீர், கழிப்பிடம், விளக்கு ஆகியவற்றைத் தந்து, மனைக்கு உரிமையும் வழங்கும் முறை பின்பற்றப்பட்டது; அடுக்குமாடி கட்டுவதைக் காட்டிலும் குறைந்த செலவில் கூடுதலான குடும்பங்களை அது எட்டியது. பின்வந்த ஆண்டுகளில் அவ்வழி கைவிடப்பட்டு, கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று நகரின் விளிம்புக்கு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கொண்டுசெல்லப்பட்டன. வேலையையும் பள்ளியையும் இழந்த அக்குடும்பங்களின் துயரம், காக்கும் அறுவையைக் கைவிட்டதன் நேரடி விளைவு என்றே இப்பத்தி கருதுகிறது.

அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது, பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளுள் முதலாவதாக எழுதப்பட்டது நகரத் திட்டமிடல். அப்பணி பெரும்பாலும் மாநில அமைப்புகளிடமே இன்றும் தங்கியிருப்பினும், இடிப்பதற்கான அனுமதியைத் தருமுன் ஓர் அலுவலரை அத்தெருவுக்கு அனுப்பிக் கிணறு, மரம், வடிகால், வாடகைக் குடும்பங்கள் ஆகியவற்றைக் குறித்துவரச் செய்ய மாநகராட்சிக்குப் புதிய சட்டம் தேவையில்லை. பழுதுபார்த்துப் பாதுகாக்கும் உரிமையாளருக்குச் சொத்துவரியில் சலுகை தருவதையும், இடிபாட்டுக் கல்லை மறுபயன்பாட்டுக்கு அனுப்பியதற்கான சான்றைக் கேட்பதையும் மன்றங்கள் தீவிரமாக ஆராய வேண்டும். பேசுவதற்கு மேடையும் உண்டு: வார்டுக்குள் வாக்காளர்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் 2022 நவம்பர் 1ஆம் நாள், உள்ளாட்சி நாளில், தமிழகத்தில் கூடத் தொடங்கின. அடுத்த சபை கூடும்போது வாசகர்கள் தவறாமல் சென்று, தத்தம் தெருவின் மட்டம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அளந்து எழுதிக் கொடுத்து, சுரண்டாமல் இனி ஒரு கூடைத் தாரும் கொட்டக்கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றக் கோர வேண்டும்.