பழைய வண்டியும் பனிக்கால வழியும்



சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் முடிந்து வெளிவந்தபோது, உறுப்பினர் ஒருவர் வாயிலில் நின்ற என் மோட்டார் சைக்கிளை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். “இரயில்வே குமாஸ்தாவுக்கு மலையேறும் வண்டி எதற்கு?” என்று நகைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “என் மகனும் இப்படியொரு பழைய வண்டி வாங்கித் தரும்படி கேட்கிறான், வாங்கலாமா?” என்றார். நின்ற நிலையில் விடை கூற இயலவில்லை. ஆகவே இம்மாதப் பகுதியை அவ்வினாவிற்கே ஒதுக்குகிறேன்.

இரயில்வேயில் இருப்பவன் இரயிலிலேயே வேலைக்குச் செல்லலாகாதா என்பது முதற்கேள்வி. என் குடும்பம் பாகாலாவை அடுத்த ஒரு சிற்றூரில் வாழ்கிறது, வேலையோ திருப்பதியில். திருப்பதியிலிருந்து பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடி செல்லும் பாதை ஒற்றைப் பாதை. எதிர்வரும் வண்டிக்கு வழிவிட்டு நிற்பது அதன் இயல்பு. 104 கிலோமீட்டர் நீளமுள்ள அதனை இரட்டைப் பாதையாக்க 2025 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை இசைவு தந்தது. அது நிறைவேறும் நாள் நல்ல நாள். அதுவரை, காலை ஆறு மணிக்குப் பணியேற்க வேண்டியவன் தன் வழியைத் தானே தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

நெடுஞ்சாலை நன்றாகவே இருக்கிறது. இடர்ப்பாடு எல்லாம் வீட்டிலிருந்து நெடுஞ்சாலையை அடையும் நான்கு கிலோமீட்டரில்தான். ஏரிக்கரை, செம்மண் தடம், ஒரு தரைப்பாலம். ஐப்பசியில் தொடங்கும் மழை அத்தடத்தை உழுத வயலாக்கிவிடும். மார்கழியில் அதன்மேல் மூடுபனி கவிந்துகொள்ளும். என் பழைய சிறு வண்டி அச்சேற்றில் மும்முறை சறுக்கி விழுந்தது. ஆகவே 2023-இல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 என்னும் கைமாறிய வண்டி ஒன்றை வாங்கினேன். கரடுமுரடான தடங்களுக்கென்றே அமைந்த இவ்வகை வண்டி 2019-இல் விற்பனைக்கு வந்தது. முன் சக்கரம் 21 அங்குலம், பின் சக்கரம் 18 அங்குலம். அடிப்பாகம் தரையினின்று 220 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும். புதிதாக வாங்க வசதியில்லை. பழையதற்கே என் மனைவியின் இரு வளையல்கள் அடகுக் கடைக்குச் சென்றன.

வாங்கியது வேலூரில். அங்கேதான் நம்மவர் பலரும் தவறுகின்றனர், நானும் தவறினேன். விற்றவர் நான் செல்லுமுன்பே இயந்திரத்தை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார். சூடான இயந்திரம் எவருக்கும் நல்ல பிள்ளையாகவே நடந்துகொள்ளும். குளிர்ந்த விடியலில்தான் அதன் குணம் தெரியும். எனவே கையால் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருந்தால் மட்டுமே கிளப்பச் சொல்லுங்கள். சேற்றில் ஓடிய வண்டியாதலால் மூன்றிடங்களைத் தவறாது பாருங்கள். முன் போர்க்கில் எண்ணெய்க் கசிவு உண்டா? சக்கரத்தின் ஆரக்கம்பிகளைத் தட்டினால் எல்லாம் ஒரே ஓசை தருகின்றனவா, அல்லது சில தளர்ந்து மந்தமாக ஒலிக்கின்றனவா? முன் சக்கரத்தைத் தூக்கிக் கைப்பிடியைத் திருப்பினால் நடுவில் எங்கேனும் சிக்குகிறதா? இவற்றை நான் பாராததால், முதல் மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி பட்டறைக்குப் போயிற்று.

பத்திரங்கள் அதனினும் முக்கியம். தமிழ்நாட்டு எண் கொண்ட வண்டியை ஆந்திரத்திற்குக் கொண்டுவருவோர், அங்குள்ள போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்றைப் பெற வேண்டும். அதற்குரியது 28-ஆம் படிவம். உரிமை மாற்றத்திற்கு 29, 30-ஆம் படிவங்கள். வாங்கியவர் 30 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். பிற மாநில வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கத்திய பதிவெண் பெற்றாக வேண்டும், வரியும் உண்டு. விலை பேசும்போதே அவ்வரியையும் கணக்கிற் சேருங்கள். விற்பவர்களுக்கும் ஒரு சொல்: பதிவேட்டில் எவர் பெயர் நிற்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டிற்குப் பொறுப்பாவார் என்று உச்சநீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது. வண்டியை விற்றோம், பணம் பெற்றோம் என்று இருந்துவிடலாகாது.

இனிக் குளிரைப் பற்றி. நம் பக்கத்துக் குளிர் இமயத்துக் குளிர் அன்று. ஆயினும் விடியல் ஐந்து மணிக்கு வண்டியின்மேல் எதிர்க்காற்றில் அமர்ந்தவனுக்கு விரல்கள் மரத்துப்போகும். மரத்த விரல் பிரேக்கைக் காலந்தாழ்த்தியே பிடிக்கும். கையுறை ஆடம்பரமன்று. சட்டைக்கும் மேலங்கிக்கும் இடையே பழைய செய்தித்தாளை மடித்து வைத்தால் மார்பிற் காற்றுப் புகாது. பனிமூட்டத்தில் விளக்கை உயர்த்தி எரிய விடாதீர்கள். ஒளி பனியிற் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். தாழ்த்தியே எரிய விடுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். முன்னே 20 மீட்டர்தான் தெரிகிறதென்றால், எருமையைக் கண்டு கை பிரேக்கைத் தேடுவதற்குள் எருமை வந்துவிடும்.

இவ்வளவும் எழுதுபவன் யாவும் அறிந்தவன் என்று எண்ணிவிடாதீர்கள். என் அறியாமையையும் சொல்லியாக வேண்டும்.

சுவர்ணமுகி ஆறு பாகாலாவை அடுத்த மலைப்பகுதியிலேதான் பிறக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் அவ்வாறு 2021 நவம்பரில் திருப்பதியை என்ன பாடு படுத்திற்று என்பதை நாம் எல்லோரும் கண்டோம். எங்கள் ஊர்த் தரைப்பாலத்தின் கீழ் ஓடுவது ஒரு சிறு ஓடைதான். சென்ற ஆண்டு கார்த்திகையில் ஓரிரவு, வேலை முடிந்து மழையில் திரும்பினேன். பாலத்தின்மேல் தண்ணீர் புரண்டுகொண்டிருந்தது. முதல் வாரம் இதே பாலத்தை அரையடித் தண்ணீரிற் கடந்து, அதனைத் தோழர்களிடம் பெருமையாகவும் சொல்லியிருந்தேன். உயர்ந்த வண்டி, பெரிய சக்கரம் என்ற நினைப்பிலேயே இறங்கிவிட்டேன்.

நடுப்பாலத்தில் பின் சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்தது. ஓடும் நீரின் வேகம் இருமடங்கானால் அதன் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதைப் பள்ளியிற் படித்தவன்தான் நான். அன்று அது நினைவுக்கு வரவில்லை. வண்டி சாய்ந்தது, இயந்திரம் நின்றது. கரையோரச் செங்கற்சூளையில் தங்கியிருந்த தொழிலாளர் இருவர் கூச்சல் கேட்டு ஓடிவந்து, என்னைக் கையைப் பற்றி இழுத்தனர். வண்டியைக் கயிறு கட்டி இழுத்தது அதற்குப் பிறகுதான். பணம் கொடுக்க முனைந்தேன். வாங்க மறுத்து, தெலுங்கில் நன்றாக ஏசினார்கள். அந்த ஏச்சு எனக்கு உரியதே.

வீட்டில் டயர் பஞ்சர் என்று சொன்னேன். என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் சோற்றுப் பாத்திரத்தைக் கழுவும்போது அதனுள் மணல் இருந்திருக்கிறது. அப்போதும் கேட்கவில்லை. ஒருவாரம் கழித்து நானே உண்மையைச் சொன்னேன். அவள் சொன்னது இதுதான்: “நேரத்தோடு வரவேண்டும் என்றா வளையலைக் கழற்றிக் கொடுத்தேன்? வரவேண்டும் என்றுதானே!”

ஆழமறியாமற் காலை விடாதே என்பது நம் முன்னோர் மொழி. காலுக்குச் சொன்னது சக்கரத்துக்கும் பொருந்தும். அன்று முதல், பாலத்தின் ஓரக்கற்கள் தண்ணீரில் மறைந்தால் நான் இறங்குவதில்லை. திரும்பிச் சென்று, உடன் வேலை செய்பவர் ஒருவர் வீட்டுத் திண்ணையிற் படுத்துக்கொள்கிறேன். இவ்வாண்டு இருமுறை அவ்வாறு நேர்ந்தது. ஒருமுறை காலைப் பணிக்கும் வீட்டிலிருந்து புறப்பட முடியாமல் விடுப்பு எழுத வேண்டியதாயிற்று. எழுதினேன்.

ஆகவே, மகனுக்கு வாங்கலாமா என்று கேட்ட அன்பருக்கு என் விடை: வாங்குங்கள். சேற்றுக்கும் பள்ளத்துக்கும் இதனினும் தக்க வண்டி நம்மைப் போன்றோர் கைக்கு எட்டாது. நல்ல தலைக்கவசமும் கையுறையும் உடன் வாங்குங்கள். சேற்றில் ஓடிய அன்றே செயினைத் துடைத்து எண்ணெய் இடப் பழக்குங்கள். வண்டியைக் கையில் கொடுக்கும் நாளில், நேரமாகிவிட்டதே என்று வீட்டில் எவரும் கடிந்துகொள்ள மாட்டோம் என்ற உறுதியையும் அவனுக்குக் கொடுங்கள்.

அடகு வைத்த வளையல்களில் ஒன்று தை மாதம் வீடு திரும்பிற்று. மற்றொன்றுக்கு இன்னும் ஐந்து தவணை இருக்கிறது.