கல்லின் மேல் பழி போடாதீர்கள்

ஒவ்வொரு பூகம்பத்துக்குப் பிறகும் ஒரு குரல் கேட்கும். "எல்லாம் பழைய கல் கட்டடம் சார். இடிச்சுட்டு கான்கிரீட்ல கட்டியிருந்தா இப்படி ஆகியிருக்குமா?" 1993 செப்டம்பர் 30 விடியற்காலை மகாராஷ்டிரத்தின் கில்லாரி தரைமட்டமானபோதும், 2001 குடியரசு தினத்தன்று புஜ் நகரில் மன்னர்களின் நினைவு மண்டபங்கள் சரிந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். புஜ் குலுங்கிய அதே காலை, 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் கான்கிரீட் அடுக்குமாடிகள் பொலபொலவென்று விழுந்தன. அது மட்டும் வசதியாக மறந்துபோகும்.

பழைய கல்சுவர் ஏன் விழுகிறது என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? பார்க்க ஒரே தடித்த சுவர். உள்ளே இரண்டு. வெளிப்பக்கம் ஒரு வரிசை, உள்பக்கம் ஒரு வரிசை, நடுவில் சில்லுக்கல்லும் மண்ணும். சுவரின் முழு அகலத்துக்கும் நீளும் கல்லை அங்கங்கே குறுக்கே வைத்துக் கட்டியிருந்தால் இரண்டும் ஒன்றாக நிற்கும். வைக்காவிட்டால் நிலம் ஆடும்போது சுவர் வயிறு தள்ளி, இரண்டாகப் பிளந்துவிடும். கில்லாரியில் பல வீடுகள் இப்படித்தான் போயின. கூரையில் கனமான மண் வேறு.

இப்படிப்பட்ட சுவரின் தலையில் கான்கிரீட் தளத்தை ஏற்றுவதற்குப் பெயர் 'பலப்படுத்துதல்'! இத்தாலிக்காரர்கள் இதைச் செய்து பட்டிருக்கிறார்கள். மரக்கூரையை எடுத்துவிட்டு கான்கிரீட் கூரை போட்ட பழைய கல்வீடுகள் பல, 1997 உம்ப்ரியா பூகம்பத்தில் சுவர் பிளந்து உட்கார்ந்தன. அதே பூகம்பத்தில் அசிசி நகரத்து புனித பிரான்சிஸ் பேராலயத்தின் வளைகூரை இடிந்து, சேதத்தைப் பார்வையிடப் போன நான்கு பேர் செத்தார்கள். நூற்றாண்டுக் கணக்கில் அந்த வளைவின் மேல் சேர்ந்துகிடந்த உடைசல்தான் முக்கியக் காரணம். குப்பையை அள்ள யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். பிறகு அள்ளினார்கள். வளைவின் முதுகில் மரமும் செயற்கை இழையும் சேர்ந்த லேசான விலா எலும்புகளைப் பொருத்தினார்கள். 1999ல் ஆலயம் மறுபடி திறந்தது.

நம்மிடம் மட்டும் வழி இல்லையா என்ன? சுவரில் துளை போட்டு, இரு முனையும் வளைந்த கம்பியைச் செருகி, துளையை கான்கிரீட்டால் நிரப்பினால் விடுபட்ட குறுக்குக் கல் கிடைத்துவிடும். மூலைகளை இழுத்துக் கட்ட வேண்டும். கூரையின் கனத்தைக் குறைக்க வேண்டும். பழுதுபார்க்கவும் பலப்படுத்தவும் ஐ.எஸ். 13935 என்ற வழிகாட்டியே 1993ல் வந்துவிட்டது. படிக்கத்தான் ஆள் இல்லை. பூகம்பம் வந்து நாலு பேர் செத்த பிறகு கோடிகளை எடுத்து நீட்டும் அரசாங்கங்களுக்கு, அதற்கு முன்னால் கம்பி வாங்க மனசு வராது.

பூகம்பம் வரக்கூடிய ஊரில் இருக்கிறீர்களா? உங்கள் பழைய கோயிலையோ அரண்மனையையோ 'புதுப்பிக்க' சிமென்ட் மூட்டையோடு லாரி வந்து நின்றால், கான்ட்ராக்டரை ஓரமாகக் கூப்பிட்டு இதை மட்டும் கேளுங்கள்: "மேலே தளம் போடுவது இருக்கட்டும் ஐயா, உள்சுவரையும் வெளிச்சுவரையும் எதை வைத்துச் சேர்க்கப் போகிறீர்கள்?"