மின்சாரக் கார் வருகிறது! தொழிலாளி எங்கே?

கார்த் தொழிலின் கோலம் மாறுகிறது, தோழர்களே! பெட்ரோல் குடித்துப் புகை கக்கிய வண்டியின் இடத்திலே மின்சார வண்டி வருகிறது. 2025 ஆகஸ்ட் 4-ஆம் நாள் தூத்துக்குடியிலே வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் ஆலை திறக்கப்பட்டது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார்கள் என்பது திட்டம். மகிழ்ச்சிதான், மறுக்கவில்லை!

ஆனால் மின்சார வண்டியிலே பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, புகைக்குழாய் இல்லை. அவற்றை வார்த்தவன், கடைந்தவன், பழுது பார்த்தவன் கதி என்ன? மறைமலை நகர் ஃபோர்டு ஆலை 2022-இல் உற்பத்தியை நிறுத்தியபோது, உரிய ஈட்டுத்தொகை கேட்டுத் தொழிலாளர் போராடினார்களே, மறந்துவிட்டோமா?

இயந்திரத்தை எதிர்ப்பதல்ல நம் நோக்கம். முந்திரிக் காட்டை நம்பி வாழும் ஆண்டிமடத்து ஏழைப் பிள்ளைக்கும் பாட்டரி, மின்மோட்டார் தொழிற்கல்வி வேண்டும். ஆலையிலே இருப்பவனுக்கு ஊதியத்தோடு மறுபயிற்சி வேண்டும். ஒப்பந்தக் கூலி ஒழிந்து நிரந்தர வேலை வேண்டும். சலுகை அளிக்கும் அரசு, முதலாளியிடம் இவற்றை எழுதி வாங்கட்டும்!

கேளாமல் கிடைத்த உரிமை எது? கிளைதோறும் பேசுவோம், கேட்போம், பெறுவோம்!