கோப்பை வந்தது, தெரு வரவில்லை



இந்த இதழின் நடுவில் ஆறு பக்கங்களைக் கால்பந்துக்கு ஒதுக்கியிருக்கிறோம். சௌந்தரராஜப் பெருமாள் கோயில் தேரோட்டம், அய்யலூர்ச் சந்தை, மில் தொழிலாளர் கூலி என்று நம் வடமதுரைப் பக்கத்துச் சேதிகளுக்கே இடம் போதாதபோது ஃபுட்பாலுக்கு ஆறு பக்கமா என்று சிலர் கேட்கலாம். 2019-ஆம் ஆண்டில் நடந்ததைச் சொல்லிவிட்டால் நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடித்தேன் என்பது விளங்கிவிடும்.

அந்த ஆண்டு மார்ச் 9-ஆம் தேதி ஆண்களுக்கான ஐ-லீக் பட்டத்தைச் சென்னை சிட்டி எஃப்.சி. வென்றது. மே 22-ஆம் தேதி பெண்களுக்கான இந்தியன் விமன்ஸ் லீக் பட்டத்தை மதுரையின் சேது எஃப்.சி. வென்றது. ஆண்கள் பந்தாட்டம் என்றால் கல்கத்தா, கோவா; பெண்கள் பந்தாட்டம் என்றால் மணிப்பூர் என்றே பேசிப் பழகிய நாட்டில், மூன்று மாதத்துக்குள் இரண்டு கோப்பையும் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தன. அந்தக் கோடையில் நம் வீடுகளில் ஐ.பி.எல். ஓடிக்கொண்டிருந்தது. இந்த இரண்டு வெற்றியும் நம்மில் பலருக்குச் செய்தித்தாளின் ஓரத்தில் வந்த சேதியாகவே கடந்துபோய்விட்டன.

இன்று அந்த இரண்டு அணிகளில் ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது. மற்றொன்றை 2021-க்குப் பிறகு ஐ-லீக்கில் காணோம். காணாமல் போன அணியின் கதையைத்தான் இந்தப் பக்கத்தில் சொல்ல வந்தேன்.

சென்னை சிட்டி என்பது பிற்காலத்துப் பெயர். 1946-இல் தொடங்கியபோது அது நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப். செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவத்து அதிகாரிகள் மீது வழக்கு நடந்து நாடே கொதித்துக்கொண்டிருந்த சமயம் அது. மலேயாவிலும் சிங்கப்பூரிலும் அந்தப் படையில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். பந்து ஆடும் பையன்கள் சேர்ந்து தொடங்கும் மன்றத்துக்கு அப்போது வேறு என்ன பெயர் வைத்திருப்பார்கள்! தலைவர் பெயரில் ஒரு மன்றம், ஒரு பந்து, சாயங்காலம் கூட ஒரு பொட்டல். நம் ஊர்களில் கபடிக் குழுவும் நற்பணி மன்றமும் பிறப்பதும் இதே வழியில்தான். சென்னையின் உள்ளூர் லீக்கில் கீழ் டிவிஷன்களில் ஆடி ஆடியே பல பத்தாண்டுகளை ஓட்டிய அணி அது.

அந்தப் பத்தாண்டுகளில் தமிழ்நாட்டில் பந்தாட்டத்தை வைத்துப் பிழைப்பதென்றால் அதற்கு வேறு வழி இருந்தது. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, வருமான வரித்துறை, இந்தியன் வங்கி என்று நிறுவனங்கள்தாம் அணி வைத்திருந்தன. நன்றாக ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. மகன் பூட்ஸ் கேட்டால் அம்மா முதலில் திட்டிவிட்டு, ‘ரயில்வேயில எடுப்பாங்களாம்’ என்று பக்கத்து வீட்டில் சொல்லக் கேட்டதும் காசை எடுத்து நீட்டுவாள். 1996-இல் தேசிய கால்பந்து லீக் தொடங்கியபோது தமிழ்நாட்டின் கொடியைத் தூக்கிக்கொண்டு போனது இந்தியன் வங்கி அணிதான். பகலில் வங்கிக் கிளையில் கணக்கு எழுதிய கையோடு தேசிய லீக்கில் ஆடியவர்கள் இருந்தார்கள். அந்தத் தலைமுறையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் வங்கி அணிக்கென்று ஒரு தெரு கிடையாது. தேசிய லீக்கில் அந்த அணி இல்லாமல் போனபோது ஏன் என்று கேட்க எந்த ஊரும் எழுந்து வரவில்லை.

2016 முடியும் தறுவாயில் சென்னை சிட்டிக்கு, தேசிய லீக்கின் இடத்துக்கு வந்த ஐ-லீக்கில் நேரடியாக இடம் கிடைத்தது. உரிமையாளர் ரோஹித் ரமேஷ். முதல் பருவம் எட்டாம் இடம், அடுத்த பருவமும் எட்டாம் இடம். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் அணி செய்த வேலையைச் சாதாரணமாக எடைபோடக் கூடாது. இரவிபுத்தன்துறை என்ற குமரி மாவட்டத்துக் கடலோரக் கிராமத்திலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் இங்கே ஆடித்தான் நாடறிந்த ஆட்டக்காரர் ஆனார். பின்னர் இந்திய அணியிலும் ஆடினார். நந்தகுமார் சேகர், எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ யேசுராஜ், அஜித்குமார் என்று ஒரு வரிசையே இந்த வாசல் வழியாகப் பெரிய லீக்கான ஐ.எஸ்.எல்.லுக்குப் போனது. வட சென்னைச் சந்துகளிலும் குமரிக் கடற்கரை மணலிலும் பந்தை உருட்டிய பையன்களுக்கு இதற்குமுன் இப்படி ஒரு வாசல் திறந்ததில்லை.

மூன்றாவது பருவத்தில் சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிய பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்டோ எஸ்லாவா ஆகியோர் வந்தார்கள். யாரும் பெரிய பெயர் இல்லை. மான்சி முதல் ஆட்டத்திலேயே ஹாட்ரிக் அடித்தார். பருவம் முடியும்போது அவர் கணக்கில் 21 கோல். பந்தைத் தூக்கி அடித்துவிட்டு ஓடும் பழக்கத்தை விட்டுவிட்டு, பின்வரிசையிலிருந்தே தரையோடு தரையாகக் கடத்தி ஆடிய அணி அது.

கடைசி நாள் ஆட்டத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை. களம் கோவை நேரு ஸ்டேடியம். எதிரணி, முந்தைய ஆண்டின் சாம்பியனான மினர்வா பஞ்சாப். சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. ஈஸ்ட் பெங்கால் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் அணியுடன் ஆடிக்கொண்டிருந்தது. சென்னை சிட்டி ஜெயித்தால் அங்கே என்ன நடந்தாலும் கவலையில்லை. மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரைக்கும் அதே நிலை. கேலரியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு கண் களத்தில், ஒரு கண் கையிலிருக்கும் செல்போனில். இடைவேளைக்குப் பிறகு பெனால்டி கிடைத்தது. மான்சி அடித்தார், 1-1. அதன் பிறகு முன்வரிசை ஆட்டக்காரர்கள் யாரும் கோல் போடவில்லை. போட்டவர் கௌரவ் போரா, அசாமிலிருந்து வந்த தடுப்பாட்டக்காரர். ஒன்றல்ல, இரண்டு; இரண்டாவது கோல் ஆட்டத்தின் கடைசி மூச்சில் வந்தது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் பின்தங்கி எழுந்து 2-1 என்று ஜெயித்தது. கோவையில் 3-1. கணக்கு முடிந்தபோது 43-க்கு 42. ஒரே புள்ளி வித்தியாசத்தில் தமிழ்நாட்டு கிளப் ஒன்று முதன்முறையாக ஐ-லீக் பட்டத்தை வென்றது. பார்க்காதவர்கள் அந்த ஆட்டத்தின் பதிவைத் தேடிப் பாருங்கள். மூன்றாவது கோல் விழுந்ததும் அந்த ஸ்டேடியம் எழுப்பிய சத்தத்தைக் கேட்க வேண்டும்.

எனக்கு நெஞ்சில் உறுத்துவது இனிமேல் வரும் பகுதி. பெயர் சென்னை, கோப்பை தூக்கிய களம் கோவை. இரண்டுக்கும் இடையே ஐந்நூறு கிலோமீட்டர். கோவைக்காரர்கள் வந்து கைதட்டினார்கள், மனசாரக் கொண்டாடினார்கள். ஆனால் சட்டையில் இருந்த ஊர் அவர்கள் ஊர் இல்லை. சென்னைக்காரர்களுக்கோ அணி கண்ணில் படும் தூரத்தில் இல்லை, அவர்களுக்கு ஐ.எஸ்.எல்.லில் சென்னையின் எஃப்.சி. இருந்தது, அதற்கு இரண்டு பட்டமும் இருந்தது. பட்டம் வென்றதால் ஆசியப் போட்டிக்குத் தகுதி கிடைத்தது. அந்தச் ‘சொந்த’ ஆட்டங்கள் நடந்த இடம் அகமதாபாத். 2020 ஜனவரியில் பஹ்ரைனின் அல் ரிஃபா அணியிடம் 0-1 என்று தோற்றதும், மார்ச்சில் மாலத்தீவின் மாசியாவுடன் 2-2 என்று சமன் செய்ததும் குஜராத் மண்ணில்தான். தமிழ்நாட்டு கிளப் ஆசிய மேடையில் ஆடிய அந்த இரண்டு நாளும் தமிழ்நாட்டு ரசிகர் நேரில் போய்ப் பார்க்க வழியில்லாமல் போனது.

அதற்குப் பிறகு கொரோனா. 2020-21 லீக் முழுவதும் வங்காளத்திலேயே நடந்தது; சென்னை சிட்டி அட்டவணையின் அடிப்பகுதியில் முடித்தது. அடுத்த பருவத்தின் பட்டியலில் அதன் பெயர் இல்லை. ஸ்விட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது, ஐரோப்பாவுக்கே பாலம் போடப்போகிறோம் என்ற பேச்செல்லாம் இருந்தது. எல்லாம் அப்படியே நின்றுபோயிற்று. அன்று கோவையில் தோற்ற மினர்வாவின் கதை வேறு. கைமாறி, பெயர் மாறி, பஞ்சாப் எஃப்.சி. ஆகி, 2022-23 ஐ-லீக்கை வென்று ஐ.எஸ்.எல்.லுக்குள் நுழைந்துவிட்டது.

வெளியிலிருந்து வந்த ஆட்டக்காரர்களால் அணி கெட்டது என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். மான்சியும் போராவும் இல்லாமல் கோப்பை இல்லை. உரிமையாளர் போட்ட பணத்தையும் நான் குறைத்துப் பேசமாட்டேன்; சம்பளம், பயணம், மைதான வாடகை, பயிற்சிக்கூடம் என்று வாய் திறந்தபடியே இருக்கும் செலவு அது. தனி ஒருவர் எத்தனை வருஷம் தாங்குவார்? குறை எங்கே என்றால், அணி சறுக்கியபோது ‘இது எங்கள் அணி, விடமாட்டோம்’ என்று சொல்ல ஒரு பேட்டை அதற்கு மிச்சம் இருக்கவில்லை. 1946-இல் இருந்த அந்தத் தெரு, 2019-க்கு வரும் வழியில் எங்கோ விடுபட்டுவிட்டது.

தெரு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனில் ஓர் அத்தாட்சி இருக்கிறது. விம்பிள்டன் என்றால் நமக்கு டென்னிஸ். அந்தப் பேட்டைக்கு 1889-இலிருந்தே ஒரு கால்பந்து கிளப்பும் உண்டு. அமெச்சூராகத் தொடங்கி, 1988-இல் லிவர்பூலையே 1-0 என்று சாய்த்து எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கிய அணி. 2002-இல் அந்த கிளப்பைச் சுமார் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸ் என்ற ஊருக்கு மாற்ற அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் கொதித்தார்கள், மன்றாடினார்கள், பலிக்கவில்லை. உடனே தாங்களே காசு சேர்த்து ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று புது கிளப் தொடங்கிவிட்டார்கள். ஊர்ப் பொது மைதானத்தில் ஆள் தேர்வு வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து ஆடிக் காட்டலாம். ஒன்பதாம் அடுக்கு லீக்கில் தொடங்கி, ஒன்பதே ஆண்டில், 2011-இல், தொழில்முறை லீக்குக்குள் வந்துவிட்டார்கள். 2020 நவம்பரில் தங்கள் பழைய பேட்டையான பிளவ் லேனிலேயே புது ஸ்டேடியத்தில் ஆடினார்கள். இன்றும் அந்த கிளப்பின் பெரும்பங்கு ரசிகர்கள் கையில்தான்.

இங்கே நம் பக்கத்திலும் நம்பிக்கை இருக்கிறது. சேது எஃப்.சி. 2016-இல் தொடங்கியது, காரியாபட்டிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றை ஊன்றுகோலாகக் கொண்ட பெண்கள் அணி. 2019-இல் லூதியானாவில் நடந்த இறுதிப் போட்டியில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றது. 2022-இல் புவனேஸ்வரத்தில் இரண்டாம் இடம். கடலூர் மாவட்டத்து இந்துமதி கதிரேசன் போன்ற பெண்கள் ஆடி வளர்ந்த அணி இது. ஆண்கள் அணிக்குக் கிடைத்த வெளிச்சத்தில் கால்வாசிகூட இதற்குக் கிடைக்கவில்லை. இருந்தும் நிற்கிறது. வடமதுரையில் பஸ் ஏறினால் ஒரு முற்பகலுக்குள் போய்ச் சேர்ந்துவிடும் தூரத்தில் இந்தியாவின் முன்னாள் சாம்பியன் அணி இருக்கிறது என்பது நம் பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? உடற்கல்வி ஆசிரியர்கள் இந்த இதழைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன்: பிள்ளைகளை ஒரு தடவை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

2024-இல் திண்டுக்கல் டிராகன்ஸ் டி.என்.பி.எல். கிரிக்கெட் பட்டம் வென்றபோது டீக்கடைகளில் எழுந்த ஆரவாரத்தை நானும் கேட்டேன். ஊர்ப் பெயரைச் சட்டையில் பார்த்தாலே நம் ஜனம் உருகிவிடும். அந்த உருக்கத்தில் கொஞ்சம் நம்மைச் சுற்றியுள்ள பந்தாட்டப் பொட்டல்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை. காலை ஷிப்டு முடிந்து மில்லிலிருந்து வரும் பையன்கள் பஞ்சுத் தூசியைக்கூடத் தட்டாமல் செருப்பைக் கழற்றிக் கோல் போஸ்ட்டாக வைத்து ஆடுகிறார்கள். பொங்கலுக்கும் மே மாதத்துக்கும் செவன்ஸ் டோர்னமென்ட் நடத்துகிறார்கள். கப்புக்கு ஒருவர், பந்துக்கு ஒருவர், இரவு ஆட்டத்தின் லைட்டுக்கு ஒருவர் என்று உபயதாரர் பிடித்து ஓடிக்கொண்டிருக்கின்றன இந்த மன்றங்கள். 1946-இல் நேதாஜி கிளப் எங்கே இருந்ததோ அங்கேதான் இவை இன்று இருக்கின்றன.

ஆகவே ஒரு வேண்டுகோள். வடமதுரை, அய்யலூர், எரியோடு, வேடசந்தூர் வட்டாரங்களில் எப்போதோ நடந்த கால்பந்து மன்றங்களின் நோட்டீஸ், குழுப் படம், ரசீது புத்தகம், கோப்பை என்று எது வீட்டில் இருந்தாலும் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். ஆடியவர்கள் உயிரோடு இருந்தால் அவர்களிடம் கேட்டு நாலு வரி எழுதி அனுப்புங்கள். கையெழுத்துப் பிரதியாக இருந்தாலும் போதும், நாங்கள் தட்டச்சு செய்துகொள்கிறோம். வருகிறவை அனைத்தையும் ஊர் வாரியாகத் தொகுத்துத் தொடராக வெளியிடப் பக்கம் ஒதுக்கிவிட்டோம். இப்போது ஆடிக்கொண்டிருக்கும் மன்றங்கள் அடுத்த டோர்னமென்ட்டின் தேதியைத் தெரிவித்தால், நோட்டீஸைக் கட்டணம் இல்லாமலே பின்னட்டையில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்